காதோரம் இரண்டு விரல்

‘நோயாளி பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை.’ என் கேஸ் ஷீட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் கோப்பை என் கையிலேயே கொடுத்து ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். வரிசையில் நிற்கும்போது புரட்டினேன். ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில், ஒற்றை வரி. எழுதியவருக்கு அரை நிமிடம் பிடித்திருக்குமா? அந்த அரை நிமிடத்தில் என் ஆறு வயதிலிருந்து நடந்த அத்தனையும் என் குற்றமாகிவிட்டது. ஒத்துழைக்காதது நானா? என் வாயைக் கேட்டால் அது சொல்லும். ஆனால் அதுதான் திறக்காதே!

இப்போது எனக்கு இரண்டு விரல் அளவுக்கு வாய் திறக்கிறது. அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் இருக்கிறது. ஆயா காலத்தில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தெருக்கள் இருந்தனவாம். வலை உலர்த்த மணல் இருந்ததாம். எனக்குத் தெரிந்து கருங்கல்தான். 1876-இல் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கேயிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வரும் மணலை அதன் சுவர் மறித்துக்கொண்டது. மறித்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. மணல் வராத வடக்கே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கடல் எங்கள் கரையைத் தின்றது. தின்ற இடத்தில் லாரி லாரியாகப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். அப்புறம் தூண்டில் வளைவு போட்டார்கள். ஊருக்கெல்லாம் காற்று வாங்க மணல், எங்கள் பிள்ளைகளுக்கு விளையாடப் பாறை. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை, இன்னொரு பக்கம் பாசி பிடித்த கல். ஆறு வயதுப் பிள்ளை எங்கே ஓடும்? பாறை மேல் ஓடினேன். வழுக்கி விழுந்தேன். மோவாய் கல்லில் மோதியது.

ரத்தம் ஒழுக ஒழுக அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினாள். தையல் போட்டார்கள். ஊசி போட்டார்கள். “அஞ்சு தையல், தழும்பு தெரியாது, போய்ட்டு வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். காது வலிக்கிறது என்று அழுதிருக்கிறேன். “விழுந்த அதிர்ச்சி, சரியாப் போயிடும்” என்று பதில் வந்திருக்கிறது. அம்மா இதை ஆயிரம் தரம் சொல்லிவிட்டாள்.

மோவாயில் அடிபட்ட குழந்தை காது வலிக்கிறது என்று ஏன் அழுகிறது? கீழ்த்தாடை ஒற்றை எலும்பு. அதன் இரண்டு முனைகளும் மேலே போய்க் காதுத் துளைக்குச் சற்று முன்னால் மண்டையோட்டின் குழியில் உட்கார்ந்திருக்கின்றன. முனையில் ஒரு குமிழ், குழிக்கும் குமிழுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு. பேச, மெல்ல, கொட்டாவி விட, இந்த மூட்டுதான் சுழன்று முன்னால் நழுவிக் கொடுக்கிறது. மோவாயில் விழும் அடி அங்கேயே நிற்பதில்லை. எலும்பு வழியாக ஏறிப் போய்க் காதோரக் குமிழை நசுக்குகிறது. சின்னப் பிள்ளையின் குமிழுக்கு வெளி ஓடு மெல்லியது, உள்ளே ரத்த ஓட்டம் அதிகம். நசுங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கட்டும். மூட்டை அசைக்காமல் விட்டால் கட்டிய ரத்தம் நாராகி, நார் எலும்பாகி, தாடை மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் எலும்பு வேகமாக வளர்வது. அந்த வேகமே இங்கே வினையாகிறது.

மோவாய் கிழிந்து வரும் பிள்ளைக்கு மூட்டையும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவம் படிப்பவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம்தான். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து “வாயைத் திற” என்று சொன்னால் போதும், குமிழ் நகர்வது விரலுக்குத் தெரியும். வலிக்கிறதா, திறக்கும்போது மோவாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலப் பொருந்துகின்றனவா, பிள்ளையின் மூன்று விரல் அதன் வாய்க்குள் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தாடை முழுவதும் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, அதிலும் தெளிவில்லை என்றால் சி.டி. ஸ்கேன். அதைவிட முக்கியம், தையல் பிரித்ததோடு விட்டுவிடாமல் மாதக் கணக்கில் திரும்பத் திரும்ப வரச்சொல்லி வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பது. எனக்கு இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஒன்றுகூட!

வலி தீரவில்லை என்று ஆயா என்னை எலும்புக் கட்டுப் போடும் ஒருவரிடம் அழைத்துப் போனாள். அவர் எண்ணெய் தடவி, மோவாயிலிருந்து உச்சந்தலை வரை துணியால் இறுக்கிக் கட்டி, “பேசாத, மெல்லாத, கஞ்சி மட்டும் குடி” என்று சொல்லிவிட்டார். அசைந்துகொண்டே இருக்க வேண்டிய மூட்டைக் கட்டிப்போட்டார். ஆயாவை நான் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்கள் ஏறெடுத்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஏன் அங்கே போகிறாள்?

அதன் பிறகு வாய் மூடிக்கொண்டே வந்தது. ஒரே நாளில் பூட்டியிருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். அது மெல்ல மெல்லப் பூட்டியது. முதலில் இட்லியைப் பிட்டுப் போட்டேன். பிறகு பிசைந்து போட்டேன். மூன்றாம் வகுப்பு வந்தபோது என் சுண்டுவிரல்கூட உள்ளே போகவில்லை. சத்துணவில் கொடுக்கும் முட்டையைப் பொடியாக உதிர்த்து, விழுந்த பால்பல்லின் சந்து வழியாக விரலால் தள்ளுவேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். புதுப் பல் முளைத்து அந்தச் சந்தை அடைத்த அன்று அழுதேன். இனி எந்த வழியாகச் சாப்பிடுவது? பல் துலக்கப் பிரஷ் உள்ளே போகாது, அதனால் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சொத்தை. பள்ளிக்கு வந்த டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, “நல்லாத் திற, நல்லாத் திற” என்று அதட்டிவிட்டு ‘பல் சொத்தை’ என்று எழுதிப் போனார். இந்தப் பிள்ளைக்கு வாய் ஏன் திறக்கவில்லை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. 2013-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் ஒன்று நடக்கிறது. 30 வகைக் குறைகளைப் பட்டியல் போட்டுத் தேடுகிறார்கள். பிளந்த உதடு இருக்கிறது, சொத்தைப் பல் இருக்கிறது, காதில் சீழ் இருக்கிறது. திறக்காத வாய் அதில் இல்லை.

வாய் மட்டும் என்றால் பரவாயில்லை. தாடை வளர்வதில் அந்தக் குமிழுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் வளராமல் முகம் அங்கே கோணும். இரண்டு பக்கமும் ஒட்டினால் மோவாயே உள்ளே போய்விடும். எனக்கு இடது பக்கம். மோவாய் சின்னதானால் நாக்குக்குப் பின்னால் மூச்சு போகும் வழியும் குறுகும். படுத்தால் மூச்சடைக்கும், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கினேன். பகலில் வகுப்பில் தூங்கி விழுந்து அடி வாங்கினேன். என் பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். அதைச் சொன்னவர்கள் இன்றைக்கும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

பதினான்கு வயதில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். புறநோயாளி மேசையில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி: “மாவா போடுவியா?” எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அந்தக் கேள்வி வந்தது. மாவாவாலும் குட்காவாலும் வாய் திறக்காமல் போகும், உண்மைதான். பாக்கு கன்னத்தின் உட்தோலை நார்நாராக இறுக்கிவிடும், காரம் பட்டால் எரியும், உட்தோல் வெளுக்கும், புற்றுநோயாகவும் மாறலாம். தமிழ்நாடு அரசு 2013-இல் தடை போட்ட பிறகும் எங்கள் அண்ணன்மார்கள் எத்தனையோ பேர் அதில் வாய் சுருங்கி நிற்கிறார்கள். ஆனால் அது தசையிலும் தோலிலும் வரும் நோய், எனக்கு வந்தது எலும்பு. பள்ளிச் சீருடையில் நின்ற பிள்ளையின் மோவாயில் தையல் தழும்பு தெரிந்தது, கோணிய முகம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் ஊர்ப் பெயரைப் பார்த்து நோய் முடிவு செய்தார்கள்.

அப்புறம் ஒருவழியாக ஸ்கேன் எடுத்தார்கள். ஒட்டிப்போன எலும்பை வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டாமலிருக்கப் பொட்டுத் தசையிலிருந்து ஒரு துண்டை இடைவெளியில் வைத்துத் தைப்பதாகச் சொன்னார்கள். மயக்க மருந்து கொடுப்பதே பெரிய கண்டம். வாய் திறக்காதவளுக்கு மூச்சுக்குழாயை எப்படி இறக்குவது? விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டார்கள். அது முடியாவிட்டால் கழுத்தில் ஓட்டை போடுவோம் என்று அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். காதுக்கு முன்னால் கீறும்போது புருவத்தைத் தூக்கும் நரம்பு அறுபடலாம் என்றும் சொன்னார்கள். கண் விழித்ததும் முதலில் வாயைத் திறந்து பார்த்தேன். திறந்தது! அந்த சர்ஜன் நல்லவர், கைதேர்ந்தவர். அவரை நான் என்றைக்கும் கும்பிடுவேன்.

கொதிப்பு அதற்குப் பிறகு நடந்ததில்தான். இந்த நோய்க்கு உலகம் முழுவதும் டாக்டர்கள் பின்பற்றும் ஒரு வழிமுறையை 1990-இல் லியோனார்ட் கபான் என்ற அமெரிக்க சர்ஜனும் அவர் குழுவினரும் எழுதினார்கள். அதில் ஏழு படி. எலும்பை வெட்டுவது, தசை வைப்பது, விலா எலும்பிலிருந்து துண்டெடுத்துப் புது முனை செய்வது என்று ஆறு படி ஆபரேஷன் தியேட்டருக்குள் முடிந்துவிடும். ஏழாவது படி பயிற்சி. ஆபரேஷன் ஆன கொஞ்ச நாளிலேயே தொடங்கி, மாதக் கணக்கில், ஒரு நாளும் விடாமல் வாயை வலுக்கட்டாயமாகத் திறந்து திறந்து மூட வேண்டும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, தினம் ஒன்று கூட்டிச் செருக வேண்டும். இல்லையென்றால் திருகு வைத்த இரும்புக் கருவியால் நெம்ப வேண்டும். அதை விட்டால் எலும்பு மறுபடி வளர்ந்து ஒட்டும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டிஸ்சார்ஜ் அன்று காரிடாரில் நடந்துகொண்டே ஒருவர், “குச்சி வெச்சுத் தொறக்கணும், விட்டுறாதீங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனை குச்சி? எந்தப் பல்லில்? ரத்தம் வந்தால் நிறுத்தணுமா? வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன்னால் போடணுமா, பின்னால் போடணுமா? அழுதால் விட்டுவிடலாமா? யாரும் சொல்லவில்லை. பிசியோதெரபி என்று எங்களை எங்கேயும் அனுப்பவில்லை. திருகுக் கருவியைக் கண்ணால்கூடக் காட்டவில்லை. அம்மா இருட்டு விலகுவதற்குள் காசிமேட்டு ஏலத்துக்குப் போனால்தான் மீன் கிடைக்கும். விற்றுவிட்டு வர மதியம் ஆகும். நைனா கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள். வீட்டில் ஆயா மட்டும்தான். ஆயா குச்சியை வைத்து அழுத்துவாள், நான் அலறுவேன், அவளும் சேர்ந்து அழுவாள், குச்சி கீழே விழும். நானே கண்ணாடி முன் உட்கார்ந்து, ஈறு கிழிந்து ரத்தம் வர வர, தனியாகத் திணித்தேன். அரையாண்டுப் பரீட்சைக்கு நடுவிலும் திணித்தேன். ஒரு பரிசோதனைக்குப் போகவில்லை. அந்த நாளில் மழை, வெள்ளம், ரயில் ஓடவில்லை. அடுத்ததற்குப் போனபோது பார்த்த டாக்டர் புதியவர். அதற்கடுத்து இன்னொரு புதியவர். வாய் சுருங்கிக்கொண்டு வருவதை இருவரில் யாரும் முன்னால் எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அளந்து எழுதி வைத்திருந்தால்தானே ஒப்பிட!

ஒட்டிக்கொண்டது. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’

என் வலியைக் கூடத் தாங்கிக்கொள்கிறேன். இந்த வரியைத் தாங்க முடியவில்லை. ஏழாவது படியைக் கற்றுக்கொடுக்காமல் ஆறு படியோடு விட்டவர்கள், பதினான்கு வயதுப் பெண்ணையும் எழுத்தறியாத ஆயாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். மூட்டு வெட்ட ஒரு முழு தியேட்டரும், மயக்க மருந்து டாக்டரும், நர்ஸுகளும் இருந்தார்கள். குச்சி வைக்க ஒரு ஆள் இல்லையா இந்த நாட்டில்?

பத்தொன்பது வயதில் இரண்டாவது ஆபரேஷன். இந்த முறை வார்டில் ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி எண்ணிப் பயிற்சி செய்ய வைத்தார். அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தக் கற்றுக்கொடுத்தார். நோட்டு ஒன்றில் மில்லிமீட்டர் அளவை எழுதச் சொன்னார். வாய் நின்றது. முகம் நேராகவில்லை; தாடையை நீட்டும் ஆபரேஷன் இன்னும் பாக்கி இருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டுப் போனேன். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, உங்களுடையது எதில் வரும் என்று கேட்டார்கள். பேச்சு வருகிறதே, நடக்கிறாயே, பார்க்கிறாயே என்றார்கள். உண்மைதான். சாப்பிடத்தான் முடியாது. அதற்கு ஒரு வகை கிடையாது.

அம்மாவின் கதை வேறு, ஆனால் அதே மூட்டு. பல வருஷமாகக் காதோரம் வலி, காலையில் தாடை இறுகியிருக்கும், மெல்லும்போது ‘டக்’ என்று சத்தம். என் கவலை, கடன், கடலுக்குப் போன நைனா, எல்லாவற்றையும் அவள் தூக்கத்தில் பல்லைக் கடித்துத்தான் தாங்கினாள். முதலில் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒரு கிளினிக்கில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை என்றதும் அடுத்ததையும் பிடுங்கினார்கள். நல்ல பற்கள்! மூட்டு வலி காது வலியாகத் தெரியும் என்று 1934-லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை, ஆனால் காதோடு தாடைக்கு உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டும் என்பது அப்போதே பதிந்துவிட்டது. வலியில்லாத வெறும் ‘டக்’ சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. தசைப்பிடிப்பு வலி பெரும்பாலும் கத்தியில்லாமலே குறையும்: கொஞ்ச நாள் மெத்தென்ற சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், கொட்டாவியை அடக்கி விடுவது, பகலில் உதடு மூடியிருந்தாலும் பற்கள் தொடாமல் வைத்துப் பழகுவது, தெரிந்தவர் சொல்லித்தரும் பயிற்சி, மனப் பாரத்துக்கு ஆலோசனை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023 இறுதியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் நாள்பட்ட தாடை வலிக்குப் பயிற்சியையும், கையால் செய்யும் பிசியோதெரபியையும், மனநலப் பயிற்சியையும்தான் முதலில் வைக்கிறது. மூட்டுத் தட்டை வெட்டியெடுக்காதே என்று அழுத்திச் சொல்கிறது. பல்லைப் பிடுங்கினால், ராவினால், திரும்பி வராது. திரும்பி வராததை ஏழையிடம் முதலில் செய்கிறார்கள். காசில்லாமல் செய்யக்கூடியதைக் கடைசிவரை சொல்வதில்லை. இரண்டு பல் போன பிறகு அம்மாவிடம் சொன்னது: “டென்ஷன்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

தாடை வலி பெண்களுக்கே அதிகம் வருகிறது, பெண்கள் சொல்வதைத்தான் உலகம் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1980-களில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை ஆயிரக்கணக்கானவர்களின் மூட்டில் வைத்தார்கள். அது துகள் துகளாக உதிர்ந்து எலும்பையே அரித்தது. வலிக்கிறது என்று அழுதவர்களின் பேச்சு எடுபட வருஷங்கள் ஆயின. 1990-களின் தொடக்கத்தில்தான் அரசு அதைத் திரும்பப் பெற வைத்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான டெர்ரி கவ்லி 1986-இல் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பணமும் படிப்பும் உள்ள நாட்டுப் பெண்களுக்கே சங்கம் வைத்துக் கத்த வேண்டியிருந்தது என்றால், காசிமேட்டு மீன்காரியின் தாடையை யார் கேட்பார்கள்?

நான் கேட்பதெல்லாம் கோடி ரூபாய்த் திட்டம் இல்லை. பிள்ளையின் மோவாயில் தையல் போடும் அறை ஒவ்வொன்றிலும், காதோரம் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லும் ஒரு தாள் சுவரில் ஒட்டட்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா தையல் பிரிக்கும்போது வாயை அளந்து ஒரு அட்டையில் எழுதட்டும். தாடை மூட்டு ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு ஏழாவது படியும் ஆபரேஷனில் சேர்த்தி என்று கணக்கு வைத்து, வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு ஆளை அனுப்பட்டும். என் கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததை எழுதட்டும்.

போன வாரம் எங்கள் பின் தெருவில் ஒரு பையன், ஏழு வயது, அதே பாறைகளில் விழுந்து மோவாயில் பிளாஸ்திரியோடு வந்தான். தையல் நல்லா போட்டுட்டாங்க என்றாள் அவன் அம்மா. அவன் காதுகளுக்கு முன்னால் என் விரல்களை வைத்தேன். “திற கண்ணு” என்றேன். வலது பக்கம் நகரவே இல்லை. மோவாய் அந்தப் பக்கமாக இழுத்தது. அன்றைக்கே ரயிலேறி, கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனோம். படம் எடுத்தார்கள். குமிழ் உடைந்திருக்கிறது. கட்டுப் போடவில்லை, மெத்தென்ற சாப்பாடு, தினமும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி, வாராவாரம் வந்து காட்டணும் என்றார்கள். அவன் அம்மா ஏற்றுமதிக் கம்பெனியில் தினக்கூலி. லீவு போட்டால் சம்பளம் போகும். செவ்வாய்க்கிழமை நான் அழைத்துப் போகிறேன். அவன் அளவை எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.